நல்லம்மாவின் நாலு கிலோ

ஷிப்னா மிஸ்ஸின் எடை பார்க்கும் மெஷினை உடைத்தது நான்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் பைக்கை ஒரு வட்டம் போட்டு ஸ்டைலாக நிறுத்த நினைத்தேன். நின்றது, மெஷினின் மேல். தேத்தண்ணீர்த் தட்டு அளவில் ஒரு கண்ணாடி மெஷின் அது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் அறுபத்திரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பரவால்ல அங்கிள்" என்றாள் ஷிப்னா. முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை போலத் தெரியவில்லை.

அவள் பண்டாரவளைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் போஷாக்கு பற்றிப் படிக்கிறாள். பெரகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக்காக வந்திருந்தாள். பெண்கள் எந்த எண்ணெயில் சமைக்கிறார்கள், அதற்கும் அவர்கள் உடம்பு பெருப்பதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொருத்தியும் வீட்டு எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவர வேண்டும். உயரம், எடை, இடுப்பின் சுற்றளவு மூன்றையும் எழுதுவார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை என்று ஒரு கோடு இருக்கிறதாம். அதைத் தாண்டியவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். துண்டு கிடைத்தவர்களை ஒரு சனிக்கிழமை வேனில் பதுளைக்குக் கூட்டிப்போய் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்ப்பார்கள்.

மெஷினைக் கொன்றவன் என்ற முறையில் நான் ஒரு யோசனை சொன்னேன். மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருக்கிறது. சாக்கு வைக்கிற இடத்தில் ஆள் ஏறி நிற்கலாம். எண்ணை நான் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எண் தெரிகிற முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம்தான் இருக்கும். கொழுந்து கொண்டுவருகிறவர்கள் பக்கம் அது எந்தக் காலத்திலும் திரும்பியதில்லை.

அந்தக் கணக்கப்பிள்ளை நான். பெயர் கிருஷ்ணராஜ். முப்பத்தொரு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அதையும் ஒழுங்காகச் செய்தேனா என்பதுதான் இந்தக் கதை.

பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். ஷிப்னா எழுதினாள், பிறகு டேப்பால் இடுப்பை அளந்தாள். போத்தல்களை மேசையில் அடுக்கி வைத்தாள். தேங்காயெண்ணெய் நாலைந்து, பாம் எண்ணெய் நிறைய, குளிரில் கட்டிப்பட்டு நின்ற மாஜரின் சில. நடுவில் சில போத்தல்கள் மட்டும் தேத்தண்ணீர்ச் சாயம் போலக் கறுத்திருந்தன.

நல்லம்மா கடைசியாக வந்தாள். மலையிலும் அவள் கடைசிதான். மற்றவர்கள் சாக்கைத் தூக்கிய பிறகும் இரண்டு கை கொழுந்து பறித்துவிட்டுத்தான் இறங்குவாள். ஐம்பத்திரண்டு வயது, குள்ளமான உருவம், கையும் காலும் குச்சி. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தபோதுதான் அதற்கு அடியில் இருந்த வயிறு தெரிந்தது.

"மிஸ், மலை ஏறி எறங்குறவளுக்கு எங்கருந்து கொழுப்பு வரும்? நீங்க தப்பான ஆள அளக்கிறீங்க" என்று என் வயிற்றைப் பார்த்தாள்.

"இது தோட்டத்துச் சொத்து நல்லம்மா. இத அளக்கணும்னா தொரைகிட்ட லெட்டர் வாங்கணும்."

"லெட்டர் வேணாங்க. ரெண்டு டேப் வேணும்."

ஷிப்னாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு நல்லம்மாவின் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாவற்றையும் விடக் கறுப்பு.

"இது என்ன எண்ணெய்ம்மா?"

"ரோல்ஸ் கடை எண்ணெய்ங்க மிஸ். சந்தியில ரோல்ஸ், பெட்டிஸ் எல்லாம் பொரிச்சு முடிச்சிட்டு மிச்சத்த போத்தல்ல ஊத்திக் குடுப்பாங்க. இதுல ரொட்டி சுட்டுப் பாருங்க, வெறும் ரொட்டிக்கே ரோல்ஸ் வாசம் வரும்."

"எத்தனை தரம் பொரிச்ச எண்ணெய்?"

"அத ரோல்ஸ்கிட்டதாங்க கேக்கணும்."

ஷிப்னா சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாள். எவ்வளவு எண்ணெய் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் கணக்கில்லை, எந்த எண்ணெய் என்பதும் கணக்கு. ஒரே அளவு சாப்பிடுகிற இரண்டு பெண்களில், கட்டியாக உறைகிறதையும் திரும்பத் திரும்பக் காய்ச்சினதையும் சாப்பிடுகிறவளுக்கு வயிறு முன்னால் வரலாம், ரத்தக் குழாயும் கெடலாம் என்று வேறு இடங்களில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானா என்று பார்க்கத்தான் அவள் வந்திருக்கிறாள்.

"அப்ப நான் ரோல்ஸ் திங்காமலே ரோல்ஸ் ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நல்லம்மா தராசில் ஏறினாள்.

"அம்பத்து மூணு" என்றேன்.

அவள் உயரத்துக்குக் கோடு ஐம்பத்து நாலு சொச்சம். ஒரு கிலோவில் தப்பித்தாள். துண்டு இல்லை. தராசிலிருந்து இறங்கும்போது நல்லம்மா தலையைச் சாய்த்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கை பழகிப் போச்சுங்களா ஐயா?"

ஏதோ புகழ்கிறாள் என்று நினைத்து, நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று அறுபத்திரண்டு பேரில் ஏழு பேருக்குத்தான் துண்டு கிடைத்தது. பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

ஏழு வாரம் கழித்து, ஆறாம் நம்பர் மலையில், மத்தியானக் கொழுந்துக்கு முன்னால் நல்லம்மா உட்கார்ந்தாள். நெஞ்சு கரிக்குது என்றாளாம். பக்கத்து நிரையில் இருந்தவள் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதற்குள் செடியின் மேல் சாய்ந்துவிட்டாள். லொறியில் ஏற்றிக்கொண்டு பெரகலைச் சந்தியைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்ல ஊரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற மகள் ஜீவராணி, ஹோட்டல் சீருடையோடு வந்து இறங்கினாள். வேறு ஆள் இல்லை அவர்களுக்கு. நானும் தோள் கொடுத்தேன். பாரம் தெரியவில்லை என்று பக்கத்தில் நடந்தவனிடம் சொன்னது நினைவிருக்கிறது.

காரியம் முடிந்த எட்டாம் நாள் அது தொடங்கியது.

காலைக் கொழுந்துக்காகத் தராசைப் போட்டேன். மேலே ஒன்றும் இல்லை. 4.0 என்று காட்டியது. துடைத்தேன், அணைத்துப் போட்டேன், பூச்சியத்துக்கு வந்தது. மறுநாளும் 4.0. அதற்கு மறுநாளும். பண்டாரவளையிலிருந்து வந்த ரிப்பேர்காரர் அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு ஈரம் என்றார். அவர் நின்ற நேரமெல்லாம் அது நல்ல பிள்ளையாகப் பூச்சியம் காட்டியது.

அப்புறம் வாசம். பத்து மணிக்கு மலையிலிருந்து பனி இறங்கி மடுவத்தை மூடும்போது, பச்சைக் கொழுந்தின் வாசத்துக்கு நடுவே கருகிய எண்ணெய் வாசம் வரும். சந்தி மூன்று மைல் கீழே இருக்கிறது. சிவசக்தியிடம் சொன்னேன். என் மனைவி அவள்.

"ஒங்களுக்கு எப்பவும் திங்கிற நெனப்புதான்" என்றாள்.

வரிசையையும் நான் எண்ண ஆரம்பித்தேன். காலை ஆள் பதிவான பெரட்டில் ஒரு மலைக்கு இருபத்திரண்டு பேர் என்று எழுதியிருக்கும். பனிக்குள் எண்ணினால் இருபத்து மூன்று வரும். கடைசியாக நிற்கிறவளின் முகம் தெரியாது, குள்ளமாக இருப்பாள், அவசரமே இருக்காது. கிட்டே வந்து எண்ணினால் இருபத்திரண்டுதான். பயந்தவன் செய்கிற காரியத்தை நானும் செய்தேன், தராசுக்கு விபூதி பூசினேன். விபூதியும் எடைதானே, 4.1 காட்டியது.

நாலு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாக்குக்கும் தண்ணீருக்கும் ஒவ்வொரு நிறுவைக்கும் நாலு கிலோ கழிப்போம். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், அதனால் நாலு. வெயில் நாளிலும் நாலு, ஏனென்றால் மழை பெய்திருக்கலாம். சாக்கு அரைக் கிலோகூட வராது. துரை மாறினாலும் கம்பெனி மாறினாலும் நாலு மாறவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கழித்தார், நானும் கழித்தேன். நல்லம்மா இருபத்தாறு வருடம் எனக்கு முன்னால் சாக்கை வைத்திருக்கிறாள். அதைத்தான் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

எனவே ஒரு பேரம் பேசிப் பார்த்தேன். ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் எல்லோருக்கும் மூன்று கிலோ மட்டும் கழித்தேன். செத்தவளிடமும் ஒரு கிலோவுக்குப் பேரம் பேசுகிற ஆள் நான். மறுநாள் காலையில் தராசு 4.0 என்றுதான் சொன்னது.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கிழமை ஷிப்னா எனக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், ஒன்னு கேக்கணும். ஒங்க தோட்டத்துக் கணக்கு மட்டும் இடிக்குது. மத்த தோட்டங்கள்ல கறுத்த எண்ணெயும் மாஜரினும் பாவிக்கிற ஆக்களுக்கு இடுப்பும் கூட, எடையும் கூட. ஒங்க ஆக்களுக்கு இடுப்பு அப்பிடியே வருது, எடை மட்டும் குறையுது. எல்லாருக்கும் ஒரே மாதிரி. டேப் ஒன்னு சொல்லுது, தராசு ஒன்னு சொல்லுது. தராசுல ஏதும் பிழையா?"

நான் மடுவத்தில் நின்றிருந்தேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு கொறையுது மிஸ்?"

"மூணர, நாலு கிலோ அளவு."

எண்ணைப் பார்ப்பேன், நாலைக் கழிப்பேன், சத்தமாகச் சொல்வேன். முப்பத்தொரு வருடமாகக் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் அந்த நாலு தானாக விழுந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு அந்த அறுபத்திரண்டு பேரும் சாக்கு இல்லாமல் ஏறினார்கள், வெறும் உடம்போடு. அவர்களுக்கும் கழித்திருக்கிறேன். கை பழகிப் போச்சுங்களா ஐயா. ஐம்பத்து மூன்றும் நாலும் ஐம்பத்தேழு. கோட்டைத் தாண்டி எங்கேயோ.

"அங்கிள், லைன்ல இருக்கீங்களா?"

"தராச பாத்துட்டுச் சொல்றேன் மிஸ்" என்று போனை வைத்தேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்ற அந்தப் போனை நான் மூன்று நாள் எடுக்கவில்லை. ஏன் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களிடம் நாலு கிலோ கழித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால், கொழுந்தில் கழிக்கிற நாலு எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிறது. என் பயம் இவ்வளவுதான். மறுபக்கம், வேனில் போயிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் மலையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தியையும் பார்த்து எனக்கு வியர்த்தது. மூன்றாம் நாள் பனிக்குள் எண்ணினேன். இருபத்தாறு வந்தது. கடைசி நாலு பேரின் முகமும் தெரியவில்லை.

அன்றைக்கே ஷிப்னாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லம்மாக்கும் நாலா, அங்கிள்?"

"அவளுக்கும்தான். மிஸ், நான் சரியா சொல்லியிருந்தா அவ இன்னைக்கு உசுரோட இருப்பாளா?"

"ஒரு ஆள வச்சி அப்பிடிச் சொல்ல ஏலாது. எண்ணெய் ஒரு காரணம், வயசு, பிரஷர், எவ்வளவோ இருக்கும். நாங்க பாக்கிறது எல்லாரையும் சேத்து. நீங்க அப்பிடி யோசிக்காதீங்க."

பூசாரியிடம் கேட்டேன், நேரம் வந்தால் போக வேண்டியதுதான் என்றார். தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேன், என் பிரஷரைப் பார்த்துவிட்டு என்னை டாக்டரிடம் போகச் சொன்னார். சிவசக்தி ஒரு கப் தேத்தண்ணீரை முன்னால் வைத்து, "நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். எல்லோரும் நல்லவர்கள். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த கிழமை ஷிப்னா புது மெஷினோடு வந்தாள். பைக்கை நான் மேலே ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். பெண்களுக்கு முன்னால் நின்று, போன தடவை உங்கள் எடையில் நாலு கிலோ கழித்துவிட்டேன், பழக்கத்தில் நடந்துவிட்டது என்றேன். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்க ஐயா" என்றாள் முன்னால் நின்றவள். "கிளினிக்ல நிறுத்தா நாலு கூட வரும். சீலைக்குக் கழிக்கிறீங்கன்னு நெனச்சோம்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப கொழுந்துக்குக் கழிக்கிறது எந்தச் சீலைக்குங்க?" என்றாள். சிரிப்பு எழுந்தது. நான் குனிந்து புது மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

புது மெஷினில் எண் தெரிகிற முகத்தை ஏறி நிற்கிறவளின் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவரவரே பார்த்து, அவரவரே சொன்னார்கள். ஷிப்னா பெயர்களைப் பழைய வரிசையிலேயே கூப்பிட்டாள். கடைசிப் பெயரையும் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டாள். மெஷின் காலியாக இருந்தது, பூச்சியம்தான் காட்டியது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

இந்தத் தடவை இருபத்து மூன்று பேருக்குத் துண்டு. அதில் இரண்டு பேரைப் பதுளையில் வார்டில் மறித்து வைத்துவிட்டார்கள். பிரஷர் அவ்வளவு.

பழைய தராசு மறுநாளும் 4.0 காட்டியது. கொழுந்துக்கு நான் இப்போது அரைக் கிலோ மட்டும் கழிக்கிறேன். துரை இரண்டு முறை கூப்பிட்டு விட்டார். போகவில்லை. அது வேறு கதை, அது எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

ஜீவராணி அம்மா இருந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று கேள்விப்பட்டு, மத்தியானம் போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்படியில் குந்தியிருந்து தகர டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா. உக்கார ஒன்னுமில்ல, எல்லாத்தையும் கட்டிட்டேன்."

"நிக்கிறேன்மா."

அந்த வாசம் அங்கேயும் இருந்தது. இந்தத் தடவை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஜன்னல் விளிம்பில் பாதிப் போத்தல் கறுத்த எண்ணெய் நின்றது.

"இத என்ன செய்யிறதுன்னு தெரியலங்க. கொட்டவும் மனசு வரல, வச்சிக்கவும் முடியல. ஹோட்டல்ல வெள்ளக்காரங்களுக்கு ஏதேதோ நல்ல எண்ணெயில சமைக்கிறாங்க. அம்மாவுக்கு ஒரு போத்தல் வாங்கிட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் வழியெல்லாம் தயார் செய்து வந்த வேடிக்கைப் பேச்சு எதுவும் உதவவில்லை. நடந்ததைச் சொன்னேன். மெஷின், தராசு, ஐம்பத்தேழு, ஐம்பத்து மூன்று. அவள் டப்பாவைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். அன்னைக்குப் பின்னேரமே அம்மா போன்ல சொல்லிச்சு. கணக்கப்புள்ள ஐயா என்னையும் கொழுந்துன்னு நெனச்சி நாலு கழிச்சிட்டாருன்னு ஒரே சிரிப்பு. எனக்குக் கோவம் வந்துச்சு. போய்ச் சொல்லும்மா, சரியா எழுதச் சொல்லுன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவரு கழிக்கிறத என்னைக்குடி நாங்க கேட்டிருக்கோம்னுச்சு."

வெளியே பனி வாசல்வரை வந்து நின்றது. யாரோ படியேறி வருவது போல இருந்தது. யாரும் வரவில்லை.

"ஜீவராணி, எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லுறாங்க. நீ சொல்லாத. நான் கழிக்காம இருந்திருந்தா ஒங்கம்மா இருந்திருப்பாளா?"

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். துணியை மடித்து அதன் மேல் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. துண்டு குடுத்திருந்தா அம்மா அந்த வேன்ல போயிருக்கும். வேன்ல போயிருந்தா இருந்திருக்கும்னுதான் நான் நெனக்கிறேன்."